காத்தாடிக்கு நிலம் கேட்கிறார்களா? பேனாவை எடுக்குமுன் படியுங்கள்

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்று, குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டு, இலத்தூர், ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம், சுரண்டை என்று கிழக்கே ஓடுகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைக்கு வாகான கணவாய்கள் நான்குதான்: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. அவற்றில் ஒன்றின் வாசலில் உங்கள் நிலம் கிடக்கிறது. கம்பெனிக்காரர்கள் இலத்தூர் விலக்கில் காரை நிறுத்தி விசாரிப்பது அதற்காகத்தான்.

பெரும்பாலும் முதலில் வருபவர் கம்பெனி ஆள் இல்லை, புரோக்கர். டீக்கடையில் பக்கத்தில் உட்காருவார். "எல்லாரும் குடுத்துட்டாங்க அண்ணாச்சி, உங்க நிலம் மட்டுந்தான் பாக்கி" என்பார். இதையே பக்கத்து நிலத்துக்காரரிடமும் சொல்லியிருப்பார். காற்று மின்சாரம் நல்லது, வேண்டியது. ஆனால் காற்றும் நிலமும் நம்முடையதாக இருக்க, நாம் மட்டும் ஏமாந்து நிற்க வேண்டியதில்லை. சம்சாரிகளுக்கும், கிடை போடுகிற ஆட்டுக்காரர்களுக்கும், வாசுதேவநல்லூர் பக்கத்து மலையடிவாரப் பளியர்களுக்கும், பாபநாசத்துக்கு மேலே இருக்கும் காணிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• இன்றைக்கே பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்து வையுங்கள். வில்லங்கம் 30 வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள். உங்கள் சர்வே நம்பரில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு பத்திரம் ஏறியிருந்தால், கம்பெனி வக்கீல் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

• கூட்டுப் பட்டாவாக இருந்தால் அத்தனை பங்குதாரரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளையும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை 1989லேயே வந்துவிட்டது. ஒருவர் கையெழுத்து விடுபட்டாலும் வழக்கு வரும். வழக்கு முடியும்வரை வாடகை நிற்கும்.

• நிலத்தைக் குத்தகைக்கு மட்டும் பேசுங்கள். காத்தாடியின் ஆயுசு 20 முதல் 25 வருடம். அதற்காக நிலத்தையே கிரயம் பண்ணிக் கொடுப்பது எதற்கு? கிரயத் தொகை இரண்டு கல்யாணத்தில் தீர்ந்துவிடும். குத்தகை நிலம் பேரன் கைக்குத் திரும்பி வரும்.

• குத்தகைத் தொகை வருடாவருடம் ஏறும் என்று எழுதி வாங்குங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரண்டு மடங்கு, 24 வருடத்தில் நாலு மடங்கு. இன்று 40,000 ரூபாய் என்று நிலையாகப் பேசிவிட்டால், குத்தகை முடிகிற வருடம் அந்தப் பணத்துக்கு இன்றைய 10,000 ரூபாய்ச் சாமான்தான் கிடைக்கும். "பார்த்துச் செய்வோம்" என்பதை ஏற்காதீர்கள். இத்தனை சதவீதம் என்று எண்ணில் எழுத வேண்டும்.

• குத்தகைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவாக வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் போதும் என்று சொல்பவர் உங்களுக்கு வேண்டியவர் இல்லை. முத்திரைச் செலவு, பதிவுச் செலவு இரண்டையும் கம்பெனி ஏற்கட்டும்.

• காத்தாடி நிற்கும் இடம், ரோடு, கம்பி போகும் பாதை, கிரேன் நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் புலப்படத்தில் கோடு போட்டுக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை பேசுங்கள். ஆட்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். காத்தாடிக்கு மூலையில் ஒரு ஏக்கர் என்று பேச்சு இருக்கும். இறக்கையை ஏற்றி வருகிற லாரி திரும்புவதற்கு அகலமான ரோடு வேண்டுமென்று வேலை தொடங்கிய பிறகுதான் சொல்வார்கள். ரோடு வயலுக்கு நடுவே குறுக்காகப் போகும். போர் ஒரு பக்கம், தென்னை மறுபக்கம், நடுவில் மூன்றடி உயரத்துக்குச் சரள் மேடு. அதைத் தாண்டி ஹோஸைக்கூட இழுக்க முடியாது. குத்தகைப் பணம் வருவதோ அந்த ஒரு ஏக்கருக்கு மட்டும்.

• ஆயுசு முடிந்த காத்தாடியை யார் செலவில் இறக்குவது என்று இன்றே முடிவு செய்யுங்கள். அடியில் இருக்கும் கான்கிரீட்டை ஏர் இறங்கும் ஆழத்துக்கு, குறைந்தது நாலு அடிக்காவது, உடைத்து எடுத்து மண் நிரப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள். அந்தச் செலவுக்கு வங்கி உத்தரவாதமாக ஒரு தொகையையும் கேளுங்கள். இறக்கை ஃபைபர் கண்ணாடியால் ஆனது. பழைய இரும்புக் கடைக்காரர்கூட அதை எடுக்க மாட்டார்.

• குடியிருக்கும் வீட்டுக்கும் காத்தாடிக்கும் நடுவே 500 மீட்டர் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். ஒன்றிய அரசு 2016இல் வெளியிட்ட காற்றாலை வழிகாட்டுதலில், சத்தத்தைக் கருதி இந்தத் தூரம் சொல்லப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் இதை எழுத்தில் கேளுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

• நிலத்தில் ஏற்கெனவே பழைய சின்னக் காத்தாடி நின்றால், அந்தப் பத்திரத்தை உடனே தேடி எடுங்கள். பழையதைக் கழற்றிப் பெரியது மாட்டுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2024இல் ஒரு கொள்கை வெளியிட்டது. 250 கிலோவாட் நின்ற இடத்தில் 2 மெகாவாட், 3 மெகாவாட் வரலாம். மின்சாரம் பல மடங்காகும்போது வாடகை மட்டும் பழையபடி கிடக்கக் கூடாது. பழைய குத்தகையில் புதுக் காத்தாடிக்கு இடமில்லையென்றால் அவர்கள் உங்களிடம் மறுபடி வந்தாக வேண்டும். குறைச்சலாகக் கொடுத்துவிட்டோமே என்று வருந்தியவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

• பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து ஒரே குரலில் பேசுங்கள். ஆளுக்கு ஒரு விலை என்பதுதான் புரோக்கரின் லாபம். பத்துப் பேர் ஒரே நாளில், ஒரே வக்கீலை வைத்து உட்கார்ந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

• கிராம சபையில் விஷயத்தை எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. இதெல்லாம் சடங்கு என்று ஒதுங்காதீர்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் வரலாமா என்பதைக் கிராம சபைகளிடமே கேட்கச் சொல்லி 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அது வன உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த மலை, நம் பட்டா நிலத்துக்கு அதே பலம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் நாளைக்குக் கோர்ட்டில் காட்ட ஒரு தீர்மான நகல் கையில் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றில்லை.

• ஊரே முதலாளி ஆக முடியுமா என்று கேளுங்கள். இது கனவில்லை, நம் மாநிலத்திலேயே நடந்தது. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருக்கும் ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் எடுத்த முயற்சியால், 2006இல் 350 கிலோவாட் காத்தாடி ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. செலவு 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். தங்கள் ஊரில் போதிய காற்று இல்லாததால் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வருடத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊர்த் தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனையானது. அவர்கள் காற்றைத் தேடி வெளியூர் போனார்கள். உங்களுக்கு அது வாசலுக்கே வருகிறது.

கனடாவில் ஹென்வி இன்லெட் பூர்வகுடியினர், தங்கள் நிலத்தில் 2019இல் ஓடத் தொடங்கிய 300 மெகாவாட் காற்றாலையில் சரிபாதிப் பங்குதாரர்கள். வாடகை வாங்குவதோடு நிற்கவில்லை. இங்கேயும் 2019இல் வந்த பிஎம் குசும் திட்டத்தின் முதல் பிரிவு, தரிசு நிலத்தில் 2 மெகாவாட் வரை சோலார் போட விவசாயிக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், ஊராட்சிக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கும் இடம் தந்தது. மின்வாரியத்தைப் பிரித்து 2024இல் உருவாக்கிய பசுமை எரிசக்திக் கழகத்துக்கு ஒரு மனு போட்டு, இப்போது எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

• முதலில் உங்கள் கூரையில் சோலார் போடுங்கள். பிஎம் சூரிய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சாரல் மாதங்களில் உற்பத்தி குறையும் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். விற்பனையாளர் அதைச் சொல்ல மாட்டார்.

• மலைக்குடியிருப்பில் இருப்பவர்கள் வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2)ஐக் காட்டிக் கேளுங்கள். மரபுசாரா எரிசக்தி, மின்கம்பி, குடிநீர்க் குழாய் என்று 13 வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. சோலார் விளக்கைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் பேட்டரி மாற்றும் பொறுப்பு யாருடையது என்று கேட்டுவிடுங்கள். பேட்டரி செத்தால் விளக்கு ஆணியில் தொங்க வேண்டியதுதான்.

செய்யக்கூடாதவை

• வெற்றுத் தாளிலும் வெற்று முத்திரைத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். "சர்வே பண்ணத்தான்" என்பார்கள். சர்வே பண்ண உங்கள் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் எதற்கு?

• புரோக்கருக்குப் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். பொது அதிகாரப் பத்திரம் கையில் இருந்தால் அவர் உங்கள் பெயரில் குத்தகையும் விடலாம், கிரயமும் பண்ணலாம். "ரத்து செய்ய முடியாத பவர்" என்று தலைப்பில் இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

• அட்வான்ஸைக் கட்டாக ரொக்கத்தில் வாங்காதீர்கள். வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அதற்கென்று நீட்டப்படும் தாளின் தலைப்பு "கிரய ஒப்பந்தம்" என்று இருக்கிறதா பாருங்கள். வாடகை அட்வான்ஸ் என்று நினைத்து விற்பனைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

• உங்கள் நிலத்தைக் கம்பெனி அடமானம் வைக்க அனுமதிக்காதீர்கள். கம்பெனி வங்கிக் கடன் வாங்கித்தான் காத்தாடி நிறுத்தும். தன் குத்தகை உரிமையை வேண்டுமானால் அது அடமானம் வைக்கட்டும். நிலத்தின் உரிமை உங்களிடமே இருக்கிறது, கடனுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே தனி வக்கீல் வைக்கலாம்.

• கம்பெனி கைமாறும்போது உங்கள் வாடகை அறுந்துபோக விடாதீர்கள். இந்தத் தொழிலில் கைமாறுவது சகஜம். புதிதாக வாங்குகிறவர் பழைய பாக்கியோடு சேர்த்து எல்லாப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று எழுதுங்கள்.

• பஞ்சமி நிலத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள், யாரிடமும் வாங்காதீர்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892இல் அரசாணை வந்து, பட்டியல் சமூகத்தாருக்கு என்று ஒதுக்கிய நிலம் அது. பிற சமூகத்தாருக்கோ கம்பெனிக்கோ கைமாறினால் செல்லாது. பழைய பதிவேட்டில் "டிசி லேண்ட்" என்று குறித்திருக்கிறதா என்று தாலுகா ஆபீஸில் கேளுங்கள். கைமாறிய நிலத்தை மீட்கக் கேட்கவும் முடியும். அதற்கான மனு கலெக்டருக்குப் போக வேண்டும்.

• கோயில் நிலத்தில் குத்தகைக்கு இருப்பவர் உள்குத்தகை பேசாதீர்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும்.

• மேய்ச்சல் புறம்போக்கையும் வண்டிப்பாதையையும் வேலிக்குள் போக விடாதீர்கள். காத்தாடியாவது ஒரு ஏக்கரோடு நிற்கும். சோலார் அப்படியில்லை, ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கரை முழுசாக மூடிவிடும். அறுப்பு முடிந்த வயலில் கிடை போட வரும் ஆட்டுக்காரருக்குப் பட்டா கிடையாது, அவரை யாரும் பேச்சுக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். அவருடைய பாதை அடைபட்டால் கிடை அடுத்த ஊருக்குப் போகும், உங்கள் வயலுக்கு வர வேண்டிய எருவும் போகும். பொது நிலத்தை ஊரார் பயன்பாட்டுக்கே வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. மனுவில் அந்த வழக்கின் பெயரை எழுதுங்கள்.

• கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நார்வேயில் ஃபோசன் என்ற இடத்தில் ரெயின்டீர் மேய்க்கும் சாமி மக்களின் நிலத்தில் காற்றாலை கட்டினார்கள். அந்த உரிமம் செல்லாது, மேய்ப்பவர்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2021 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. காத்தாடிகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. தெருவில் இறங்கிப் போராடி, கடைசியில் 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இழப்பீட்டு உடன்பாடுதான் கையெழுத்தானது. ஜெயித்த பிறகும் மேய்ச்சல் நிலத்தில் காத்தாடி நிற்கிறது. இலங்கையின் மன்னார்த் தீவில் புதிய காற்றாலையைக் கட்டுவதற்கு முன்பே மக்கள் எழுந்தார்கள். வெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, பறவைகள் என்று காரணங்களை அடுக்கினார்கள். அங்கே திட்டமிட்டிருந்த அதானி நிறுவனம், மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி இலங்கை அரசு பேச்சைத் திறந்த சமயத்தில், 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது.

• ஓடையையும் வாய்க்காலையும் மண் போட்டு மூடி ரோடு போட விடாதீர்கள். வெயில் காலத்தில் அது வெறும் பள்ளமாகத்தான் தெரியும். ஐப்பசி மழையில் குளத்துக்குத் தண்ணீர் போவது அது வழியாகத்தான். சிமெண்டுக் குழாய் ஒன்றைப் போட்டுத் தருகிறோம் என்றால் நீர்வளத் துறையின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

• சோலார் பேனல் கழுவ உங்கள் போரிலிருந்து தண்ணீர் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். பேனல் பலமுறை கழுவ வேண்டிய பொருள். கோடையில் உங்கள் தென்னைக்கே தண்ணீர் போதாது.

• பனைகளை வெட்டச் சம்மதிக்காதீர்கள். வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவிப்பு வந்துவிட்டது.

• "வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை வருடம், என்ன சம்பளம் என்று எழுதினால்தான் அது வாக்கு. ஐடிஐ படித்த பிள்ளைகள் இருந்தால் டெக்னீஷியன் வேலைக்கு எழுதச் சொல்லுங்கள். வாட்ச்மேன் வேலையோடு நிறுத்த விடாதீர்கள்.

• உயர் அழுத்த டவர் லைனுக்குச் சும்மா வழிவிடாதீர்கள். 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள லைன்களுக்கு, டவர் அடி நிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று ஒன்றிய மின்துறை 2024 ஜூனில் வழிகாட்டுதல் கொடுத்தது. அதை நடைமுறைப்படுத்துவது மாநிலத்தின் கையில் இருக்கிறது. கலெக்டரிடம் இதைச் சொல்லியே மனுக் கொடுங்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாயில் தகவல் உரிமை மனு; 30 நாளில் பதில் தர வேண்டும்.

• காத்தாடி மழையை விரட்டுகிறது என்று மனுவில் எழுதாதீர்கள். ஊரில் இந்தப் பேச்சு பலமாக இருக்கிறது. பெரிய காத்தாடியின் இறக்கை நுனியே 200 மீட்டரைச் சுற்றித்தான் எட்டும். மழை மேகம் திரண்டு நகர்வது கிலோமீட்டர் கணக்கான உயரத்தில். இந்த ஒரு வரியைப் பார்த்ததும் அதிகாரி மனுவை ஓரம் வைத்துவிடுவார். ஓடை மறிப்பு, சத்தம், மேய்ச்சல், இழப்பீடு என்ற உண்மையான குறைகளும் அதோடு சேர்ந்து ஓரம் போகும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பயந்து சும்மா இருக்காதீர்கள். பத்திரத்தின் நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நாளைக்கே மனுப் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு தென்காசி கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சமூகத்தாருக்கும், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் வக்கீல் இலவசம். போனில் கேட்க 15100. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்குக் கெடு, விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம்தான்.